நீலம் தேறிய காலை

மெழுகு பூசிய துணியை எப்படிக் கசக்கினால் எப்படி உடையும் என்பது பெரியவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. துணியின் நடுவில் கிள்ளிப் பிடித்து முறுக்கினால் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடும். விசிறி மடிப்பாக மடித்து விரலால் நெரித்துக்கொண்டே போனால் தட்டி கட்டின மாதிரி நேர்க்கோடுகள் விழும். மொத்தமாகப் பந்து உருட்டி அமுக்கினால் புறங்கை நரம்பு மாதிரி நாலா பக்கமும் பிரியும். அந்த விரிசலுக்குள் சாயம் இறங்கும். மெழுகை வேகவைத்து எடுத்த பிறகு சாயம் மட்டும் கோடு கோடாகத் துணியில் நிற்கும். தேன்மெழுகு கூடிவிட்டால் துணி வளையுமே தவிர உடையாது. பாரஃபின் மெழுகு கூடினால் தொட்டாலே உதிரும். எது எவ்வளவு என்று அவள் நிறுத்துப் பார்த்ததில்லை. உருகின மெழுகில் ஒரு சொட்டை நகத்தில் விட்டு, ஆறினதும் சுண்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

மெழுகு அவள் பொறுப்பு, சாயம் தம்பி பொறுப்பு. பெற்றவர்கள் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதினொன்று. இடையில் ஒன்றரை வருஷம் அவள் கல்யாணம் கட்டி வாழ்ந்து பார்த்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று தம்பி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. அவனுக்குப் பெண்டாட்டி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. குழந்தை இல்லை. பெண்டாட்டியைப் பெரியவள் "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவாள். அவள் இவளை "அண்ணி" என்பாள். தெருவும் அந்தப் பெயர்களையே எடுத்துக்கொண்டது.

வீட்டின் முன்னறையில் ஒரு நீள மேசை, அதன் மேல் ரப்பர் விரிப்பு, பக்கத்தில் மெழுகு அடுப்பு. நடுவில் ஒரு அறை. அதைத் தாண்டிச் சமையற்கட்டு. சமையற்கட்டின் பின்கதவைத் திறந்தால் முற்றம், முற்றத்தின் கோடியில் தகரம் போட்ட சாயக்கொட்டகை. சின்னவளுக்கு ஓரம் தைப்பதும், சமைப்பதும், மெழுகை வேகவைத்து எடுப்பதும் வேலை. பேச்சும் அவள்தான். மற்ற இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பேசுவதை அவள் பல் விளக்கும்போதே பேசி முடித்துவிடுவாள்.

அந்தக் கோடையில் புதிதாகக் கட்டின ஒரு பெரிய மண்டபத்தின் மேனேஜர் வந்தார். மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஆளுயரத்துக்கு மேல் பன்னிரண்டு துணிகள் வேண்டும் என்றார். பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் ஒரே படமாகச் சேர வேண்டும்.

"கடல் மாதிரி இருக்கணும். ஆனா பாத்தா கடல்னு தெரியக் கூடாது."

"அப்போ பாக்கறவங்களுக்கு என்னன்னு தெரியணும் சார்?" என்றான் தம்பி.

"ஒண்ணும் தெரியக் கூடாது. மனசுக்குள்ள தண்ணி ஓடணும்."

அவர் வாசல் தாண்டும்வரை சின்னவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் டீ கொடுத்தால்கூட "மனசுக்குள்ள தண்ணி ஓடுதா?" என்றுதான் கேட்டுக் கொடுத்தார்கள்.

பெரியவள் ஐந்து வாரம் வரைந்தாள். வெளிர்நீலத்தில் நனைத்த துணி ஈரமாக இருக்கும்போதே கல்லுப்பைத் தூவிவிடுவாள். உப்பு தன்னைச் சுற்றியிருக்கிற சாயத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்து உதறினால் தண்ணீரில் வெயில் பட்ட மாதிரி பொட்டுப் பொட்டாக நிற்கும். அதற்கு முன்பே, வெள்ளைத் துணியாக இருந்தபோதே, தூரிகையில் சூடான மெழுகைத் தோய்த்துக் கட்டைவிரலில் தட்டித் தெறிக்கவிட்டிருந்தாள். அது நுரை. பிறகு முழுத் துணிக்கும் மெழுகைப் பூசி, ஆறினதும் கோணி ஊசியால் கீறிக் கீறிப் பாசிக்கொடி இழுத்தாள். பன்னிரண்டு துணியிலும் அலை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விட்டுப்போகாமல் ஓடியது. இனி பாக்கி இருந்தது ஒன்றுதான். துணிகளைக் கசக்கி, விரிசல் விழவைத்து, ஆழ்ந்த நீலத்தில் முக்கி எடுக்க வேண்டும். அந்த நீலம் சரியாக விழுந்தால்தான் மேலே செய்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு இருமல் முற்றியது. மூன்று மாதமாகவே விட்டு விட்டு இருந்ததுதான். இரண்டு பெண்களுமாக அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் வயதில் சின்னவர். அவசரமில்லாமல் சொன்னார்.

"சாயப்பொடி உங்க நுரையீரலுக்கு ஆகல. கரைச்ச சாயம்கூடப் பரவாயில்ல, பொடி மூச்சுல போகவே கூடாது. டப்பா மூடியத் திறக்கற இடத்துல நீங்க நிக்கக் கூடாது."

"மூக்குல துண்டு கட்டிக்கிட்டா?"

"துண்டு கட்டித்தானே இவ்வளவு வருஷம் செஞ்சீங்க. இன்னொரு தடவை பெருசா வந்தா இங்க வந்து சேர நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. வேற வேலை பாருங்க."

மூச்சு திணறினால் வாயில் வைத்து அமுக்க ஒரு பம்பு எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தம்பி முன் இருக்கைக் கம்பியைச் சுரண்டிக்கொண்டு வந்தான்.

"இந்தப் பன்னெண்டு துணி முடியட்டும்," என்றாள் பெரியவள். "அப்புறம் அந்த டப்பாவே வீட்டுல இருக்காது. பொடிய நான் கலக்கறேன். நீ முன்னறையில உக்காந்து சொல்லு, போதும்."

"சத்தியமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"சத்தியமா."

சொன்னபடிதான் ஆரம்பித்தார்கள். பெரியவள் கொட்டகையில். தம்பி முன்னறையில். நடுவில் சமையற்கட்டில் நின்று சின்னவள் இந்தப் பேச்சை அங்கேயும் அந்தப் பேச்சை இங்கேயும் கடத்தினாள்.

"நீலம் ரெண்டு கரண்டி போடச் சொல்லு. குவிச்சு வேண்டாம், தட்டிப் போடணும்."

"தட்டிப் போடணுமாம் அண்ணி."

"போட்டாச்சு. கருப்பு?"

"கருப்பு ஒரு நகம்."

"யாரு நகம்னு கேளு."

"என் நகம்தான், வேற யாரு நகம்?"

"உன் நகத்துக்கு நான் எங்கடா போவேன்?" என்று கொட்டகையிலிருந்தே கத்தினாள் பெரியவள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு தம்பிக்கு இருமலில் போய் முடிந்தது.

நீலம் வரவில்லை. துண்டுத் துணியை முக்கி, காயவைத்து, சின்னவள் முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போவாள். தம்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். "செத்துக் கெடக்கு," என்பான். சிவப்பில் ஒரு சிட்டிகை சேர்த்தால் கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்குப் போனது. அதைக் குறைத்தால் சிலேட்டுப் பலகை. இரண்டு நாளில் எட்டுத் துண்டுகள். மூன்றாம் நாள் பொறுமை போய், ஒன்பதாவது கலவை தேறும்போல் இருக்கிறதென்று பெரியவள் ஒரு முழுத் துணியையே முக்கிவிட்டாள். எடுத்துப் பார்த்தால் பாத்திரம் துலக்கின தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்று நாள் வரைந்த துணி. அதைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தவள் சோறு தின்னவும் எழுந்திருக்கவில்லை. தம்பி பின்கதவு வரைக்கும் வந்து நின்று அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, விடு. ஒண்ணு போனா போகுது."

"இன்னும் பதினொண்ணு இருக்குடா. மண்டபம் திறக்க ஒம்பது நாள்தான் இருக்கு."

"தெரியும்."

"எதக் கலக்கினாலும் உன் கை மாதிரி வரமாட்டேங்குது."

அதை அவள் குறை சொல்லும் விதமாகத்தான் சொன்னாள், கேட்கும் விதமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவள் பிற்பாடு நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

மறுநாள் காலையிலேயே வெயில் தகரத்தைப் பொரித்தது. அந்தச் சூட்டில் மெழுகு உடையாது. கசக்கினால் சப்பாத்தி மாவு மாதிரி மடங்கிக் கொடுக்கும். துணியைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு விறைக்கவிட்டு, அந்தக் குளிரிலேயே நெரித்தால்தான் விரிசல் கூர்மையாக விழும். நீலம் தேறினாலும் தேறாவிட்டாலும் விரிசலையாவது முடித்துவைப்போம் என்று பெரியவள் நினைத்தாள்.

"சின்னவளே, ஐஸ் கடைக்குப் போய் ரெண்டு பாளம் வாங்கிட்டு வந்துரு. கோணியும் மரத்தூளும் எடுத்துட்டுப் போ."

சின்னவள் போனாள். பெரியவள் முன்னறையில் அண்டாவைக் கழுவிவைத்தாள். தம்பி நடு அறையில் படுத்திருக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அண்டாவுக்குத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு சமையற்கட்டுக்குப் போனபோது பின்கதவு பாதி திறந்திருந்தது.

கொட்டகையில் தம்பி குந்தியிருந்தான். முகத்தில் துண்டு கட்டியிருந்தான். முன்னால் மூன்று வாளி, நாலு டப்பா. மூடிகள் எல்லாம் திறந்து கிடந்தன. கரண்டியை டப்பாவின் விளிம்பில் தட்டித் தட்டி வழித்தான். நகத்து நுனியில் கருப்பைத் தொட்டு உதறினான். தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பு மாதிரி இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் பொடி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"டேய்" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

அப்போது அவன் ஒரு துண்டுத் துணியை வாளியில் முக்கி மேலே தூக்கினான். அந்த நீலம். ஐந்து வாரமாக அவள் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு வரைந்த நீலம் அதுதான். ஈரம் சொட்டச் சொட்ட அவன் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டாவது வாளிக்குப் போனான்.

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். குடம் இடுப்பிலேயே இருந்தது. இரண்டாவது வாளி முடிந்தது. முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து அவன் ஒருதரம் இருமினான். இன்னும் ஒரு வாளிதானே என்று அவள் நினைத்தாள். மூன்றாவதும் கலக்கி, டப்பாக்களை மூடி, அவன் எழுந்து கைகழுவப் போனபோது அவள் சத்தமில்லாமல் முன்னறைக்குத் திரும்பி வந்து, ஏற்கெனவே கழுவின அண்டாவை மறுபடி கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். முகத்தில் துண்டு இல்லை. தலையைத் துடைத்து வாரியிருந்தான்.

"அக்கா, நேத்து நீ கலக்கி வெச்சது ராத்திரி முழுக்க ஊறித் தேறிடுச்சு போல இருக்கு. போய்ப் பாரேன். கதவுகிட்ட நின்னு பாத்தேன். நல்லா வந்திருக்கு."

ராத்திரி அவள் எதையும் கலக்கி வைக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"அப்படியா?" என்றாள்.

"ஆமா. உனக்கும் கை வந்துடுச்சு."

போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாண்டா, தேறிடுச்சு," என்றாள் அவளும்.

ஐஸ் வர வெகுநேரமாயிற்று. வந்த பிறகு அந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெரியவள் ஒவ்வொரு துணியாக ஐஸ் தண்ணீரில் விறைக்கவிட்டு நெரித்தாள். மெழுகு படக் படக்கென்று உடைந்தது. சின்னவள் வாங்கிப்போய்ச் சாயத்தில் முக்கினாள். ஒவ்வொன்றையும் கொடியில் போடும்போது அவள் போட்ட கூச்சல் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. "பாருங்களேன், அண்ணி கலக்கின கலரப் பாருங்களேன். உங்களுக்கு இனிமே இந்த வீட்டுல சோறு கெடையாது." முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தம்பி, "அப்போ நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்," என்றான். பதினோரு துணிகளும் மூன்று மணிக்குள் கொடியேறின.

நாலு மணிக்கு அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பம்பை இரண்டு தரம் அமுக்கினான், நாலு தரம் அமுக்கினான். உதடு கறுத்தது. அடுத்த வீட்டுக்காரன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். பின் இருக்கையில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேர் முழங்காலையும் பிடித்துக்கொண்டு, அவன் காற்றை ஏதோ கடினமான பொருளைக் கடிப்பதுபோலக் கடித்துக் கடித்து இழுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவன் கை சின்னவள் முழங்காலிலிருந்து தானாக நழுவியது. உள்ளே கொண்டுபோய் அரைமணி நேரம் என்னென்னவோ செய்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அவன் கையைத் தடவிக்கொண்டிருந்த சின்னவள் திடீரென்று நிறுத்தினாள். விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, நகக்கண்ணப் பாருங்க. நீலம்."

பெரியவள் பார்த்தாள்.

"இவரு எப்போ கொட்டகைக்குள்ள போனாரு?"

"தெரியலயே."

"நான் ஐஸுக்குப் போனப்பவா?"

"நான் முன்னறையில இருந்தேம்மா. எனக்குத் தெரியலயே," என்றாள் பெரியவள்.

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். துணிகள் கொடியிலேயே காய்ந்து கிடந்தன. எட்டாம் நாள் மண்டபத்து மேனேஜர் வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நான் கேக்க வரல. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். திறப்பத் தள்ளி வெச்சுட்டோம். முடியும்போது குடுங்க. முடியலன்னாலும் பரவாயில்ல," என்றார். சின்னவள்தான் சொன்னாள்: "முடிச்சுத் தர்றோம் சார். பதினொண்ணுதான் தேறும். அவரு கடைசியா கலக்கினது."

மறுநாள் காலை இரண்டு பேருமாக முற்றத்தில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, சோப்புத்தூள் போட்டுத் துணிகளை இறக்கினார்கள். மெழுகு உருகி மேலே தகடாக மிதந்தது. பெரியவள் கழியால் அதை ஒதுக்கிக்கொடுக்க, சின்னவள் துணியைத் தூக்கி அடுத்த அண்டாவில் அலசினாள். முதல் துணியை இரண்டு பேரும் இரண்டு முனையில் பிடித்து விரித்தார்கள். நுரை வெள்ளையாக நின்றது. உப்புப் பொட்டுகள் மினுங்கின. அதன் மேல் நீலம் மயிரிழை மயிரிழையாக ஓடியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் கையில் இவ்வளவு நல்ல துணி வந்ததில்லை.

"இத அவரு பாக்கவே இல்லயே அண்ணி."

சின்னவள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ஐஸ் வாங்கிட்டு வர்ற வழியில அந்தத் தையக்காரி நிக்க வெச்சுட்டா. அவ சம்பந்தி வீட்டுச் சண்டையச் சொல்லிட்டே இருந்தா. எனக்கும் கேக்கணும்போல இருந்துச்சு. அரை மணி நேரம் நின்னேன். கோணியிலேருந்து ஐஸ் தண்ணி கால்மேல சொட்டிட்டே இருக்கு, அப்பவும் நான் கெளம்பல. நேரா வந்திருந்தா கையும் களவுமாப் புடிச்சிருப்பேன். டப்பாவத் தூக்கி எறிஞ்சிருப்பேன். ஒரு கதை கேக்கறதுக்காக நின்னேன் அண்ணி."

"நீ காரணம் இல்லம்மா."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. உங்களுக்கு என் மேல கோவமே இல்லயா?"

ஐந்தாவது துணி அண்டாவுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. பெரியவள் கழியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் பாத்தேன்."

"எத?"

"அவன் கலக்கறத. தண்ணி எடுக்க வந்தேன். கதவுகிட்ட நின்னு பாத்தேன்."

சின்னவள் கையில் இருந்த விறகைக் கீழே வைத்தாள். பிறகு கடையில் விலை கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"ரெண்டாவது வாளி, மூணாவது வாளி. அது வரைக்கும்."

"கூப்பிட்டிருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரா?"

"வந்திருப்பான்."

"வந்திருப்பாரு. என் பேச்சக் கேக்கமாட்டாரு. உங்க பேச்சக் கேப்பாரு. அப்போ ஏன் கூப்பிடல?"

"நீலம் வந்துட்டு இருந்துச்சு," என்றாள் பெரியவள்.

சொன்ன பிறகு அவளுக்கு நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள் போலும். அப்படி எதுவும் நடக்கவில்லை. சின்னவள் அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. அண்டாவில் கிடந்த துணியைத் தானே கழி எடுத்துத் தூக்கினாள்.

"இத நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. இத்தன நாளா ஒருத்தி மேலதான் கோவமா இருந்தேன். காலையில எந்திரிச்சா அவ மூஞ்சியக் கண்ணாடியில பாத்துக்கிட்டு, திட்டிக்கிட்டு, எப்படியோ பழகிட்டு வந்தேன். இப்போ ரெண்டு பேர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

பெரியவள் கழியை வாங்கக் கை நீட்டினாள்.

"மிச்சத்த முடிச்சிரலாம். தண்ணி ஆறிடும்," என்றாள் சின்னவள்.

வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் மீதித் துணிகளை வேகவைத்து அலசிக் காயப்போட்டார்கள். "அந்த முனையப் பிடிங்க", "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. மறுநாள் மண்டபத்து ஆட்கள் வந்து பதினோரு துணியையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன கையோடு சின்னவள் தன் புடவைகளை ஒரு பையில் வைத்தாள். அடுத்த ஊரில் அவள் அக்கா இருந்தாள். பெரியவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே போனாள். சின்னவள் தடுக்கவில்லை. பஸ் ஏறும்போது திரும்பி ஒன்று மட்டும் சொன்னாள்.

"அந்த டப்பாவையெல்லாம் குழி தோண்டிப் புதைச்சிருங்க. சாக்கடையில ஊத்தாதீங்க, அந்தத் தண்ணியப் பூனை குடிக்கும்."

பெரியவள் வீட்டுக்கு வந்து முற்றத்து மூலையில் மண்வெட்டியால் குழி தோண்டினாள். கொட்டகையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். நீல டப்பாவின் மூடியைத் தம்பி சரியாக அழுத்தி மூடியிருக்கவில்லை. குழிக்குள் வைக்கக் குனிந்தபோது அது கழன்று விழுந்தது. பொடி குபீரென்று கிளம்பி வெயிலில் அவள் முகத்தைச் சுற்றி ஏறியது. அவள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தவில்லை. டப்பாவைக் கையில் பிடித்தபடியே குனிந்து நின்று, நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்து மூச்சுவிட்டாள். திரும்பவும் இழுத்தாள். மூன்றாம் முறையும் இழுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.